ஏழாம் நம்பர் விரல்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

உருளை எழுதுறேன். நான் சௌக்கியம். அம்மாவும் சௌக்கியம், முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தா சண்டைக்கு வருது. உன் ஒத்தைத் தலைவலி எப்படி இருக்கு? கண்ணாடி மாத்துன்னு எத்தனை தடவை சொல்றது?

போன் இருக்கும்போது எதுக்குடா கடுதாசின்னு கேப்பே. வீட்ல பேசினா அம்மா பிடுங்கி ஸ்பீக்கர்ல போட்டுடறாங்க, எதிர்வீடு வரைக்கும் நம்ம கதை நாறுது. ஸ்டுடியோவுல இருந்து பேசலாம்னா, நடுவுல இருக்கிறது வெறும் பலகைச் சுவர். நான் யாரைப் பத்திப் பேசணுமோ அவ அந்தப் பக்கம் கண்ணாடி வெட்டிக்கிட்டு இருக்கா.

ஆமாக்கா. ஒருத்தி. பக்கத்து ஃப்ரேம் கடையை அவதான் நடத்துறா. நான் போட்டோ பிரிண்ட் போட்டு சுவர்ல ரெண்டு தட்டு தட்டினா, வந்து வாங்கிட்டுப் போய் சட்டம் போட்டுத் தருவா. ஆள் உன்னைவிட அரை அடி உயரம். சிரிச்சா தும்மல் மாதிரி படார்னு வரும். பென்சிலைக் கொண்டையில செருகிட்டு கடை பூரா தேடுவா. கண்ணாடியில ஒரே கோடு இழுத்து டொக்குனு உடைப்பா பாரு, நான் வேலையை விட்டுட்டு அதைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன்.

விஷயம் இதுதான். ரெண்டு வருஷம் முன்னாடி சட்டம் அறுக்கிற மெஷின்ல இடது கை மோதிர விரலும் சுண்டு விரலும் பாதி போயிருச்சு. வேலை செய்யும்போது அவளுக்கு அது ஒரு குறையே இல்ல. கஸ்டமர் வந்தா மட்டும் அந்தக் கையை ஏப்ரன் பைக்குள்ள விட்டுக்குவா. நீ அங்க வெளிநாட்டுல செயற்கைக் கை, விரல் எல்லாம் செய்யற இடத்துலதானே இருக்கே? ரெண்டே ரெண்டு விரல் செஞ்சு அனுப்பேன். அதைக் கையில குடுத்துட்டு, கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேக்கப் போறேன். சிரிக்காதே.

அவ நம்ம ஆளுங்க இல்ல. அவ அப்பா வேற தேசத்துல இருந்து கப்பல் வேலையா வந்து இங்கேயே தங்கிட்டார். ஆனா இவ பிறந்தது, படிச்சது எல்லாம் இங்கதான், தமிழ்ல நம்மளைவிட நல்லா திட்டுவா. அம்மாகிட்ட மூச்சு விடாதே.

பதிலுக்கு வாசலைப் பார்த்துக்கிட்டு,
உருளை


ஜனவரி 27

டேய் உருளை,

உன் கடுதாசியை பஸ்ல படிச்சு சிரிச்சதுல பக்கத்து சீட்டு அம்மா எழுந்து வேற இடத்துக்குப் போயிட்டாங்க. நான் நல்லா இருக்கேன். தலைவலி போயிருச்சு, கண்ணாடி மாத்திட்டேன், போதுமா? ரூமும் கிடைச்சிருச்சு. பெரிய ஜன்னல், நல்ல வெளிச்சம். தேட கொஞ்ச நாள் ஆச்சு, அவ்வளவுதான். அம்மாவை முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் குடுக்கச் சொல்லு.

என் தம்பி காதலிக்கிறான்! பென்சில் கொண்டையில இருக்கிறது வரைக்கும் பார்த்து வச்சிருக்கான்! செய்யறேன்டா, செய்யாம?

இங்க ஒரே நீள மேஜையில ஒன்பது பேர் உக்காந்து வேலை பார்க்கிறோம், ஒன்பது பேரும் வேற வேற ஊரு. நாள் பூரா தோலோட கலரைத்தான் கலக்கிறோம். ஆனா கலரைப் பத்தி ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டோம், நம்பர்தான் சொல்வோம். "நாலு கொஞ்சம் எடு", "ஒன்பதுல ஒரு சொட்டு". அப்படி ஒரு மரியாதை. எனக்குப் பக்கத்துல ஒரு நெட்டை இருக்கான், நான் கையை நீட்டினாலே கண்ணைக் கூரைக்குக் கொண்டு போயிடுவான்.

பார்சல்ல ஒரு பவுடர் இருக்கு. பல் டாக்டர் அச்சு எடுக்கிறது இதுலதான். தண்ணி விட்டு மாவு மாதிரி பிசைஞ்சு, டம்ளர்ல போட்டு, அவ கையை உள்ள விடச் சொல்லு. நாலு நிமிஷம் அசையவே கூடாது. முதல்ல இடது கை, அப்புறம் வலது கை. கையை எடுத்ததும் அந்தக் குழிக்குள்ள பிளாஸ்டர் ஊத்தி, காய்ஞ்சதும் அதை அனுப்பு.

இன்னொண்ணு, சாவிக்கொத்து மாதிரி வளையம். அதுல பதினெட்டு ரப்பர் துண்டு, ஒவ்வொண்ணுலயும் நம்பர். ஜன்னல் ஓரமா அவ புறங்கையில ஒவ்வொண்ணா வச்சுப் பார்த்து, எது ஒட்டிப் போகுதோ அந்த நம்பரை எழுது. சாம்பல் கலர்ல தனியா ஒரு துண்டு இருக்கும், அதையும் கை பக்கத்துல வச்சு ஒரு போட்டோ எடு. உன் ஸ்டுடியோ வித்தையை எல்லாம் அதுல காட்டக் கூடாது. எடுத்தபடி அனுப்பு.

கையைப் பிடிக்க ஒரு சாக்கு குடுத்ததுக்கு நன்றி சொல்லத் தெரியாத தம்பிக்கு,
அக்கா


பிப்ரவரி 16

அன்புள்ள அக்கா,

எல்லாரும் நலம். வெந்நீர் ஒத்தடம்னு சொன்னேன், "அவ வந்து குடுக்கச் சொல்லு"ன்னுட்டாங்க அம்மா.

அக்கா, நாலு நிமிஷம்! டம்ளரை நான் பிடிச்சுக்கிட்டேன், மாவு வழியாம இருக்க அவ மணிக்கட்டையும் பிடிச்சுக்கிட்டேன். முதல் நிமிஷம் ரெண்டு பேரும் கடிகாரத்தைப் பார்த்தோம். ரெண்டாவது நிமிஷம் "ஜில்லுனு இருக்கு"ன்னா. மூணாவது நிமிஷம் கேட்டுடலாம்னு வாயைத் திறந்தேன், "என்ன, கொட்டாவியா?"ன்னு கேட்டா. அதோட போச்சு. வலது கைக்கு இன்னொரு நாலு நிமிஷம் கிடைச்சுது. அப்பவும் நான் ஒண்ணும் கிழிக்கல.

பிளாஸ்டர் நல்லா வந்திருக்கு, ரேகை எல்லாம் தெரியுது. துணி சுத்தி அனுப்பியிருக்கேன்.

நம்பர் ஏழு.

போட்டோ உள்ள இருக்கு. ஜன்னல் ஓரம் எடுத்தது. அன்னைக்கு மேகமூட்டம் இல்ல, ஆனா பெரிய வெயிலும் இல்ல, எதிர்ல இருக்கிற வெள்ளைச் சுவர்ல பட்டு வெளிச்சம் திரும்பி வந்துச்சு. வெளிச்சம் கொஞ்சம் அப்படி இப்படி இருக்கலாம். லென்ஸும் பழசு. நீ பார்த்து செஞ்சுடு, உனக்குத் தெரியாததா.

சீக்கிரம் அனுப்புக்கா.
உருளை


மார்ச் 30

டேய் உருளை,

நான் சுகம். பதில் தாமதம், வேலை பெண்டை நிமித்திருச்சு.

ரெண்டு விரலும் தயார். மோதிரம் போடற மாதிரி சொருகிக்கலாம். வலது கையைப் பார்த்து நகத்தை எல்லாம் அச்சு அசலா வச்சிருக்கேன், சுண்டு விரல் கணுவுல இருக்கிற சின்னச் சுருக்கத்தைக்கூட விடல. சூப்பர்வைசரம்மா பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம போனாங்க. அவங்க ஒண்ணும் சொல்லலன்னா பிரமாதம்னு அர்த்தம்.

கலர் ஏழாம் நம்பர், நீ சொன்னபடி.

ஒண்ணு கேக்கணும்னு நினைச்சேன். விடு, அப்புறம் பார்த்துக்கலாம்.

நல்ல சேதி சொல்லு.
அக்கா


ஏப்ரல் 21

அக்கா,

அம்மா நலம். நான் நலம்னு எழுத வரல.

பெட்டியைத் திறந்தா. எடுத்து, நகத்தைத் தடவிப் பார்த்து, "அடேயப்பா"ன்னா. சொருகினா. கச்சிதமா உக்காந்துச்சு. கையை வெளிச்சத்துல நீட்டினா. ரொம்ப நேரம் பார்த்துட்டு, "இது யாரோட விரல்?"னு கேட்டா.

அவ கை ஒண்ணு, விரல் ரெண்டு வேற யாரோடதோ. வேற வீட்டுல இருந்து வந்து உக்காந்த மாதிரி இருந்துச்சு.

என் டிராயர்ல இருந்து உன் வளையத்தை அவளே எடுத்துக்கிட்டு ஜன்னலுக்குப் போனா. ஏழுல இருந்து ஆரம்பிச்சா. பத்து, பன்னெண்டு, பதினஞ்சு. பதினெட்டுல வந்து நின்னா, அதுக்கு மேல துண்டு இல்ல. பதினெட்டும் அவளுக்கு ஒரு படி வெளுப்புதான். திரும்பி, "ஏழுன்னு யாரு சொன்னது?"னு கேட்டா.

நான் சொல்லிட்டேன்.

அக்கா, உனக்கு ஸ்டுடியோ வழக்கம் தெரியுமே. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்குக் கத்துக்குடுத்ததே அதுதான். யாரா இருந்தாலும் கலரை ஒரு படி வெளுப்பா ஏத்து. பொண்ணு பார்க்கிற போட்டோன்னா ரெண்டு படி. யாரும் கேக்கத் தேவையில்ல, நாமளே ஏத்திடணும், கஸ்டமர் சந்தோஷமா போவாங்க. ஆறு வருஷமா கை தானா அதைப் பண்ணுது. போட்டோவை அப்படித்தான் ஏத்தினேன், சத்தியமா யோசிக்கக்கூட இல்ல. ஆனா நம்பரை யோசிச்சுதான் ஏத்தினேன். நீ பதினெட்டுன்னு படிச்சா என்ன நினைப்பியோன்னு. நாளைக்கு அம்மாவுக்குத் தெரிஞ்சா என்ன சொல்வாங்களோன்னு. முதல் கடுதாசியில அவ சிரிப்பு, பென்சில் எல்லாம் எழுதினேன். அவ நல்ல கருப்புன்னு எழுத எனக்கு வரல. அதை எழுதினா அவளைக் குறைச்சுச் சொல்ற மாதிரி இருந்துச்சு. அப்படி எனக்குத் தோணுச்சே, அதுதான் அக்கா அசிங்கமா இருக்கு.

இப்போ பிரிண்ட் போட்டுட்டு சுவரைத் தட்டினா அந்தப் பக்கம் சத்தமே இல்ல. வேற ஆளை அனுப்பி வாங்கிக்கிறா. கண்ணாடி மட்டும் டொக் டொக்னு உடையுது.

என்ன பண்றதுன்னு சொல்லு.
உருளை


மே 10

என் மக்குத் தம்பிக்கு,

சாப்பிடுறியா ஒழுங்கா? முதல்ல சாப்பிடு.

உன்னைத் திட்டலாம்னுதான் பேனாவை எடுத்தேன். ஆனா எனக்கு அந்த யோக்கியதை இல்லடா. உன் போட்டோவுல சாம்பல் துண்டு கிட்டத்தட்ட வெள்ளையா இருந்துச்சு. அது எதுக்கு வச்சிருக்குன்னு நினைக்கிறே? அதே துண்டு என் மேஜையில இருக்கு. பக்கத்துல வச்சுப் பார்த்த உடனே நீ ஏத்தியிருக்கேன்னு தெரிஞ்சுபோச்சு. "டேய், அவ உண்மையில என்ன கலர்?"னு ஒரு வரி எழுதியிருந்தா முடிஞ்சிருக்கும். கேக்க வாய் வரல. கேட்டா தப்பா போயிடுமோன்னு மரியாதையா வாயை மூடிக்கிட்டு ஏழையே கலக்கினேன். நீ பயந்து ஏத்தினே, நான் தெரிஞ்சே செஞ்சேன். நடுவுல கெட்டது அவளோட மனசு.

இன்னொண்ணும் சொல்றேன். ரூம் தேட கொஞ்ச நாள் ஆச்சுன்னு எழுதினேனே, ஏழு வீட்டுக் கதவைத் தட்டினேன். போன்ல "வாங்க, காலியா இருக்கு"ம்பாங்க. கதவைத் திறந்து என் மூஞ்சியைப் பார்த்ததும் "இப்பதான் போயிருச்சு"ம்பாங்க. அம்மா கவலைப்படுவாங்கன்னு சொல்லல. எட்டாவது வீட்ல ஒரு டீச்சரம்மா, வாசல்லயே "பாத்திரம் கழுவுவியா?"ன்னு மட்டும் கேட்டு சாவியைக் குடுத்தாங்க. அந்த ரூம்தான் இது.

உன் கடுதாசி வந்த அன்னைக்கு மேஜையில எனக்குத் தாங்கல. நெட்டைகிட்ட கையை நீட்டி, "இது என்ன கலர்?"னு கேட்டேன். "பதினாறு"ன்னான். "நம்பர் இல்ல, கலர்." முழிக்கிறான். காது ரெண்டும் செக்கச்செவேல்னு ஆயிருச்சு. "சரி, நீ இப்போ என்ன கலர்னு நான் சொல்லட்டுமா?"ன்னேன். மேஜையே கொல்லுனு சிரிச்சிருச்சு, அவனும் சிரிச்சுட்டான். அப்புறம் ஒன்பது பேரும் சட்டைக் கையை மடிச்சு மேஜை மேல வச்சோம். பதினெட்டுத் துண்டுல பதினாலு நெட்டை மாதிரி வெள்ளை ஆளுங்களுக்குத்தான் இருக்கு. மத்த உலகத்துக்கெல்லாம் சேர்த்து நாலே நாலு! வருஷக்கணக்கா அதுலயே கலக்கிக்கிட்டு இருந்திருக்கோம், ஒருத்தரும் சொல்லல. சூப்பர்வைசரம்மாகிட்ட போய் நானும் நெட்டையும் சொன்னோம். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே"ன்னாங்க. புது துண்டு செய்யச் சொல்லிட்டாங்க.

நீ என்கிட்ட அழாதே. சுவரைத் தட்டாம, வாசல் வழியா போ. என்கிட்ட எழுதின அதே வார்த்தையை அவகிட்ட சொல்லு.

உன்கூட நானும் தலைகுனிஞ்சு,
அக்கா


மே 29

அக்காவுக்கு வணக்கம்.

நான் ஃப்ரேம்காரி. உங்க கடுதாசியில எல்லாம் வெறும் "அவ"ன்னு வர்றது நான்தான். உங்க தம்பி எல்லாத்தையும் கொண்டு வந்து என் வெட்டுமேஜையில வச்சுட்டான். நீங்க சௌக்கியமா? கை வலி வராம வேலை செய்யுங்க, நமக்கெல்லாம் கைதான் சோறு போடுது.

அவன் வந்த கதையைக் கேளுங்க. கடையில மூணு கஸ்டமர். வாசல்ல நின்னு, "நீ நல்ல கருப்பு, அதைச் சொல்ல நான் பயந்தேன், தப்பு என் மேல"ன்னு ஒரே மூச்சுல ஒப்பிச்சான். மூணு பேரும் என்னைப் பார்க்கிறாங்க. நான் "தெரியும், எங்க வீட்லயும் கண்ணாடி இருக்கு"ன்னேன். அப்புறம் எனக்குச் சிரிப்பு அடக்க முடியல.

சிரிச்சதால விட்டுட்டேன்னு நினைக்காதீங்க. எனக்குக் கோவம். முதல்நாள் அந்த விரலைப் போட்டப்போ எப்படி இருந்துச்சு தெரியுமா? எல்லாரும் ஜாடையா சொல்றதை இவனும் சொல்லிட்டானேன்னு இருந்துச்சு. பஸ்ல பக்கத்து சீட்டு காலியாவே வரும். கடைக்கு வர்றவங்க என்னைத் தாண்டிப் பார்த்து "ஓனர் இல்லையா?"ம்பாங்க. அதுக்கெல்லாம் பழகிட்டேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டு நாலு நிமிஷம் உக்காந்தவன் அதே கையைப் பார்க்கலன்னா எப்படிப் பழகுறது?

அதனால தண்டனை குடுத்திருக்கேன். நீங்க அனுப்பின ரெண்டு விரலையும் வெல்வெட்ல வச்சு, கண்ணாடி போட்டு, தங்கக் கலர் சட்டம் அடிச்சு, அவன் கம்ப்யூட்டருக்கு மேல மாட்டிட்டேன். போட்டோ எடுக்க வர்ற ஒவ்வொருத்தரும் "என்ன தம்பி இது?"ன்னு கேக்கிறாங்க. ஒவ்வொருத்தருக்கும் முழுக்கதையும் சொல்லணும், சுருக்கக் கூடாது. பலகைச் சுவர்தானே, நான் இந்தப் பக்கம் கேட்டுக்கிட்டே இருக்கேன். நேத்து ஸ்கூல் கார்டுக்குப் படம் எடுக்க வந்த ஒரு பொண்ணு கதை முழுக்கக் கேட்டுட்டு, "என்னை ஏத்தாதீங்க, இருக்கிறபடி போடுங்க"ன்னுது. அவன் "சரிம்மா"ன்னான்.

உங்களைப் பத்தி ஒண்ணு சொல்லணும். நாம ஏற்கெனவே பார்த்திருக்கோம். நாலு வருஷம் முன்னாடி உங்க வீட்டு மாடிக்கு "வீடு வாடகைக்கு"ன்னு பலகை தொங்குச்சு. நானும் அப்பாவும் வந்தோம். கதவைத் திறந்தது நீங்க. உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்துட்டு, "போயிருச்சுங்க"ன்னு சொன்னீங்க. பலகை அதுக்கப்புறமும் மூணு மாசம் தொங்குச்சு. தினம் அதைத் தாண்டித்தான் கடைக்கு வருவேன். உங்க ஏழு கதவைப் படிச்சதும் எனக்கு "நல்லா வேணும்"னு ஒரு நிமிஷம் தோணுச்சு. அடுத்த நிமிஷம் அழுகை வந்துச்சு. ரெண்டையும் சொல்லிட்டேன்.

இனிமே கேளுங்க. என்கிட்ட நேரா கேளுங்க. கேட்டா சொல்வேன்.

ஃப்ரேம்காரி


ஜூன் 18

ஃப்ரேம்காரிக்கு,

உன் கடுதாசியை நாலு தடவை படிச்சேன். அந்த மாடிப் பத்தியை மட்டும் பத்து தடவை.

ஞாபகம் இருக்கு. உங்க அப்பா தொப்பியைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு நின்னார். உள்ள இருந்து அம்மா தலையாட்டினாங்க, நான் சொன்னேன். ஆனா வாய் என்னுது. எனக்கு ஒரு கதவு மூடின ஒவ்வொரு தடவையும் அந்தத் தொப்பி ஞாபகத்துக்கு வந்துச்சு. மன்னிச்சுக்கோம்மா. நீ மன்னிக்கலன்னாலும் நான் இதைச் சொல்லணும். அப்பாகிட்டயும் சொல்லு, அவர் தொப்பியைக் கழட்ட வேண்டிய வீடு இல்ல அதுன்னு.

இப்போ வேலை. கேளுன்னு சொன்னியே, கேக்கறேன். புறங்கை என்ன கலர்? கணு அதைவிடக் கருப்பா? உள்ளங்கை ரோஜாவா, பழுப்பா? வெயில்ல போனா மாறுமா? குளிர்ல வெளிறுமா? போட்டோ வேண்டாம், அவன் எடுத்த போட்டோவை நான் இந்த ஜென்மத்துல நம்ப மாட்டேன். உன் கடையில வார்னிஷ் அடிச்ச மரத்துண்டு இருக்கும்ல, உன் கையோட சரியா ஒட்டிப் போறதா மூணு பொறுக்கி அனுப்பு. அதைப் பார்த்துக் கலக்கறேன்.

நெட்டை உன் கதையைக் கேட்டுட்டு, விரலுக்குச் சட்டம் அடிச்ச ஆளைப் பார்க்கணும்கிறான். உன் துண்டை அவன்தான் முதல்ல செய்வானாம். கலக்கும்போது "இன்னும் கருப்பு, இன்னும் கொஞ்சம் கருப்பு"ன்னு சத்தமாச் சொல்லிக்கிட்டே கலக்கப் பழகுறான். காது சிவக்கிறது மட்டும் நிக்கல.

உடம்பைப் பார்த்துக்கோ. மெஷின் பக்கத்துல கவனம்.
அக்கா


ஜூலை 24

அன்புள்ள அக்கா,

ரெண்டு பேரும் நலம். அம்மாவும் நானும். இல்ல, நான் நலம். அம்மா என்னன்னு தெரியல. சொல்றேன் கேளு.

உன் பார்சலை தபால்காரர் வீட்ல குடுத்துட்டார். நான் வர்றதுக்குள்ள அம்மா பிரிச்சாச்சு. புது விரல் தனி டப்பியில இருந்ததால தப்பிச்சுது. மூணு புதுத் துண்டு மட்டும் வளையத்துல தொங்குது. "என்னடா இது, சாவிக்கொத்தா? சாவி எங்கே?"ன்னு கேட்டுக்கிட்டே அம்மா அதைத் தன் கை மேல வச்சாங்க. அப்படியே நின்னுட்டாங்க. "இது என் கை மாதிரியே இருக்கேடா?" ஒரு நூல் வித்தியாசம்தான் அக்கா. முழங்கைப் பக்கம் அதுவும் இல்ல.

"யாரோட கலர் இது?"ன்னாங்க. ஓடிப்போயிடலாம்னு தோணுச்சு. ஸ்டுடியோவுல நூறு பேருக்கு அந்தக் கதையைச் சொல்லியிருக்கேன், வீட்ல ஒருத்தருக்குச் சொல்லல. உக்காந்து முழுசா சொன்னேன். அவ யாரு, எந்த ஆளுங்க, நான் என்ன ஆசைப்படறேன், மாடி கேட்டு வந்தது அவதான், எல்லாம். சுருக்கல.

அம்மா எழுந்து போய் சுவர்ல மாட்டியிருக்கிற அவங்க போட்டோவைப் பார்த்தாங்க. நான் வேலைக்குச் சேர்ந்து முதல்ல ஏத்தின படம் அதுதான், ரெண்டு படி. கையை அந்தப் போட்டோ பக்கத்துல வச்சுப் பார்த்துட்டு, "ஆறு வருஷமா இங்க தொங்குறது யாருடா?"ன்னு கேட்டாங்க.

அப்புறம், "எடு ஒரு போட்டோ. இருக்கிறபடி"ன்னாங்க. எடுத்தேன். பிரிண்டைக் குடுத்தேன். வாங்கிட்டு உள்ள போய்ட்டாங்க. மூணு நாளா பேச்சு இல்ல. போன் வந்தா ஸ்பீக்கர்கூடப் போடறதில்ல. எனக்கு பயமா இருக்கு.

நெட்டைக்கு என் கும்பிடு. விரல் இன்னும் அவகிட்ட குடுக்கல, நாளைக்குக் குடுக்கறேன்.
உருளை


ஆகஸ்ட் 15

அண்ணிக்கு,

பேரு மாறியிருக்கேன்னு பார்க்காதீங்க, காரணம் கீழ வருது. சுகமா? இங்க எல்லாரும் சுகம், உங்க அம்மா முழங்கால் உள்பட.

விரல் வந்துச்சு. போட்டேன். அரை மணி நேரம் சும்மா கையைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்புறம் கழட்டி வச்சுட்டு கண்ணாடி வெட்டினேன், வேலைக்கு அது தோதுப்படாது. கஸ்டமர் வந்தா போடறேன். சில நாள் மறந்துட்டுப் போடறதில்ல, கையையும் பைக்குள்ள விடறதில்ல.

போன வாரம் உங்க அம்மா கடைக்கு வந்தாங்க. கையில அந்தப் போட்டோ, கக்கத்துல ஒரு பழைய பலகை. நான் எழுந்து நின்னேன். "உக்காரு, உக்காரு"ன்னாங்க. என் கையைப் பார்த்து, "எதுடி அந்த ரெண்டு?"ன்னு கேட்டாங்க. நீட்டினேன். கண்ணாடியைக் கழட்டி மாட்டி, திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க, கண்டுபிடிக்க முடியல. "என் பொண்ணு கெட்டிக்காரி"ன்னாங்க.

அப்புறம் பலகையை மேஜை மேல வச்சாங்க. "வீடு வாடகைக்கு." எழுத்து அழியவே இல்ல. "அன்னைக்குப் போயிருச்சுன்னு சொல்லச் சொன்னது நான்தான்"னாங்க. என் மூஞ்சியைப் பார்த்துத்தான் சொன்னாங்க. நானும் பார்த்துத்தான் சொன்னேன்: "தெரியும்மா. எங்க அப்பா அன்னைக்கு ராத்திரி சாப்பிடல." அப்புறம் உங்க அம்மா, "இந்த மரம் நல்ல மரம். என் போட்டோவுக்கு இதுல சட்டம் அடிக்க முடியுமா?"ன்னு கேட்டாங்க.

அறுத்தேன் அண்ணி. அவங்க பக்கத்துல உக்காந்து பார்த்துக்கிட்டே இருந்தாங்க. எழுத்து இருக்கிற பக்கத்தை அழிக்கவான்னு கேட்டேன். "வேண்டாம், பின்பக்கமா இருக்கட்டும்"னாங்க. அதனால உங்க வீட்டுக் கூடத்துல இப்போ தொங்குற போட்டோவைத் திருப்பிப் பார்த்தா மேல "வீடு", பக்கத்துல "வாட"ன்னு இருக்கும். முன்பக்கம் உங்க அம்மா, நல்ல கருப்பா, பிரமாதமா இருக்காங்க. எங்க அப்பா போய்ப் பார்த்துட்டு வந்தார். தொப்பியோட போனார், தொப்பியோட வந்தார்.

அடுத்து உங்க தம்பி. இத்தனைக்கும் அப்புறம் அவன் என்கிட்ட கேக்கவே இல்ல, தெரியுமா? ஊருக்கெல்லாம் கதை சொல்வான், கேக்க வேண்டியதைக் கேக்க மாட்டான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். நேத்து உங்க பவுடர் மிச்சம் இருந்ததைப் பிசைஞ்சு டம்ளர்ல போட்டு, "கையை விடு, அசையக் கூடாது, நாலு நிமிஷம்"னேன். எதுக்குன்னுகூடக் கேக்காம விட்டான். மணிக்கட்டைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டு, "என்னைக் கட்டிக்கிறியா?"ன்னு நான்தான் கேட்டேன்.

ஒரு நிமிஷம்கூட ஆகல. தலையை ஆட்டினான், கையை ஆட்டினான், டம்ளரையும் சேர்த்து ஆட்டினான். மேஜை பூரா மாவு. அச்சு கெட்டுப் போச்சு. அப்படியும் பிடிவாதமா பிளாஸ்டர் ஊத்தி எடுத்திருக்கோம், ஆறு விரல் மாதிரி வந்திருக்கு. பார்சல்ல அனுப்பறேன், நெட்டைகிட்ட காட்டுங்க.

நாங்க குடிவரணும்னு மாடியை உங்க அம்மா நேத்துக் காலையில அவங்களே பெருக்கினாங்க, முழங்காலோட. சாவி என்கிட்ட இருக்கு. நீங்க லீவுல வரும்போது கதவைத் திறக்கிறது நான்தான். பயப்படாம தட்டுங்க.

உங்க தம்பி பொண்டாட்டியாகப் போற,
ஃப்ரேம்காரி